தரமிடப்பட்ட நாணயத்தை வேறு நிறுவனத்தின் சான்றுக்கு மாற்றும் முறை

ஒரு நிறுவனம் தரமிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடிக் கொடுத்த நாணயத்தை, அந்த உறையைத் திறக்காமலேயே இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பி அவர்களுடைய சான்றைக் கேட்பதைச் சேகரிப்பாளர்கள் கிராஸ்ஓவர் என்கிறார்கள். அமெரிக்க நாணயங்களைச் சேர்ப்பவர்களிடையே இது நெடுநாளைய வழக்கம். அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972-இல் தொடங்கிய அனாக்ஸ், 1986-இல் வேலையைத் தொடங்கிய பிசிஜிஎஸ், அதற்கடுத்த ஆண்டு வந்த என்ஜிசி, 2023 முதல் தாமே தரமிடவும் செய்கிற சிஏசி ஆகிய தரமிடும் நிறுவனத்தார் எல்லோரும் ஒன்று முதல் எழுபது வரையிலான அதே அளவுகோலைத்தான் கையாள்கிறார்கள். ஆனாலும் ஒருவர் 65 என்று எழுதிய நாணயத்தை மற்றவர் 64 என்று சொல்வது புதிதல்ல. தரமிடுதல் கண்ணாலும் அனுபவத்தாலும் சொல்லப்படும் கருத்து. அந்தக் கருத்து மாறினால் நாணயத்தின் சந்தை விலையும் மாறுகிறது. ஆகவே இந்த வேலையில் இறங்குவதற்கு முன், லேபிளில் உள்ள எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு நாணயத்தை நாமே மதிப்பிடக் கற்றுக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்தில் ‘குறைந்தபட்சத் தரம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. இந்த வேலையின் வெற்றியும் நட்டமும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் நாம் எழுதுவதைப் பொறுத்தவை.

முதலில், எதற்காக மாற்றுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நியாயமான காரணங்கள் சிலவே. பிசிஜிஎஸ் நடத்தும் செட் ரெஜிஸ்ட்ரி எனப்படும், சேகரிப்பாளர்களின் தொகுப்புகளைத் தரவரிசைப்படுத்தும் பட்டியலில் அவர்களுடைய உறையில் உள்ள நாணயங்களை மட்டுமே சேர்க்க முடியும். அதில் போட்டியிடுகிறவருக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. சில வகை நாணயங்கள் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் உறையில் இருந்தால் ஏலத்தில் கூடுதல் விலைக்குப் போகின்றன. விற்க நினைப்பவருக்கு அது ஒரு காரணம். தொகுப்பு முழுவதும் ஒரே வகை உறையில் இருக்க வேண்டும் என்ற விருப்பமும் காரணமாகலாம், அந்த விருப்பத்துக்காகப் பணம் செலவழிக்கிறோம் என்ற தெளிவு இருந்தால். இவை எதுவும் இல்லாமல், மேலே ஒரு எண் கூடிவிடாதா என்ற ஆசையில் மட்டும் அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாறாவிட்டாலும் மதிப்பீட்டுக் கட்டணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். போகவர அஞ்சல் செலவும் காப்பீட்டுச் செலவும் நம்முடையவை.

விலை வேறுபாட்டைக் கணக்கிடும்போது நிறுவனங்கள் வெளியிடும் விலைப்பட்டியலை மட்டும் நம்பக் கூடாது. ஹெரிட்டேஜ், ஸ்டாக்ஸ் போவர்ஸ், கிரேட்கலெக்‌ஷன்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் தங்களுடைய பழைய ஏல முடிவுகளைப் படங்களோடு இணையத்தில் வைத்திருக்கின்றன. அதே ஆண்டு, அதே அக்கசாலைக் குறி (எங்கே அச்சானது என்பதைக் காட்டும் எழுத்து), அதே தரம் கொண்ட நாணயம் இரு உறைகளிலும் அண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பார்த்து, வித்தியாசத்திலிருந்து எல்லாச் செலவுகளையும் கழித்த பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று பார்க்க வேண்டும். எண்ணற்று கிடைக்கும் 1881-எஸ் மார்கன் டாலர் (சான் பிரான்சிஸ்கோவில் அச்சான வெள்ளி டாலர்) போன்ற நாணயத்துக்கு நடுத்தரத் தரங்களில் அநேகமாக எதுவும் மிஞ்சாது.

எந்த உறையை உடைக்கவே கூடாது

சில நாணயங்களுக்குப் பழைய உறையே ஒரு மதிப்பு. பிசிஜிஎஸ் தனது தொடக்க ஆண்டுகளில் பயன்படுத்திய, ஆட்டினால் உள்ளே நாணயம் லேசாகக் கலகலக்கும் சிறிய உறைகளையும், பின்னர் வந்த பச்சை லேபிள் உறைகளையும், என்ஜிசியின் முதல் கறுப்பு உறைகளையும் தேடி வாங்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அக்காலத்தில் தரமிடுதல் கண்டிப்பாக இருந்தது என்ற நம்பிக்கை சந்தையில் பரவலாக இருப்பதால், அந்த உறைக்கே தனி விலை உண்டு. புதிய நிறுவனம் மாற்றும்போது பழைய உறையை உடைத்துவிடும்; அது திரும்பி வராது.

சிஏசி ஒட்டுகிற பச்சை அல்லது தங்க நிற ஸ்டிக்கரும் அப்படியே. 2007 முதல் அவர்கள் பிசிஜிஎஸ், என்ஜிசி உறைகளில் உள்ள நாணயங்களைப் பார்த்து, அந்தத் தரத்துக்கு நன்றாகத் தகுதியானவை என்று கருதுபவற்றுக்குப் பச்சை ஸ்டிக்கரும், கொடுத்ததைவிட உயர்ந்த தரத்துக்கே தகுதியானவை என்று கருதும் மிகச் சிலவற்றுக்குத் தங்க நிற ஸ்டிக்கரும் ஒட்டுகிறார்கள். உறையை உடைத்தால் ஸ்டிக்கரும் போய்விடும். புதிய உறையில் வந்த நாணயத்தை மீண்டும் அவர்களிடம் அனுப்பலாம்; ஆனால் அது இன்னொரு கட்டணம், இன்னொரு காத்திருப்பு. தங்க நிற ஸ்டிக்கர் உள்ள நாணயத்தை வெறும் உறை மாற்றத்துக்காக அனுப்புகிறவர், கையில் உள்ள உறுதியான மதிப்பை உறுதியில்லாத ஒன்றுக்காகக் கொடுக்கிறார் என்றே சொல்வேன்.

இன்னொரு நிலைமையில் அவசரப்படுவது பெரும் நட்டத்தில் முடியும். நாணயம் போலியோ, அல்லது லேபிளில் உள்ள தரத்துக்குச் சற்றும் தகாததோ என்ற ஐயம் எழுந்தால், அதை வேறு நிறுவனத்துக்கு அனுப்பவோ, உறையை நாமே உடைக்கவோ கூடாது. பெரிய நிறுவனங்கள் தங்கள் தரத்துக்கு ஓர் உத்தரவாதம் கொடுத்திருக்கின்றன; நாணயம் அவர்களுடைய உறைக்குள், உறை சேதப்படாமல் இருக்கும் வரைதான் அது செல்லும். முதலில் அந்த நிறுவனத்திடமே மறுபரிசீலனை கேட்க வேண்டும். குறைந்த தரத்தில் வேறு உறைக்கு மாறிவிட்ட பிறகு பழைய நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழியில்லை.

லேபிளை மறைத்துக்கொண்டு நாணயத்தைப் பார்ப்பது

தொடங்குவதற்கு முன் உறையே உண்மையானதா என்று சரிபார்ப்பது அவசியம். போலி உறைகள் சந்தையில் நிறைய வந்துவிட்டன. லேபிளில் உள்ள சான்று எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு, அங்கே வரும் ஆண்டு, வகை, தரம் ஆகியவற்றோடு, படம் இருந்தால் நாணயத்தின் கீறல்களையும் கறைகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். எண் பொருந்துவது மட்டும் போதாது. போலி செய்பவர்கள் உண்மையான எண்ணைத்தான் திருடி அச்சிடுகிறார்கள்.

பிறகு உறையைச் சுத்தம் செய்ய வேண்டும். மதிப்பீட்டாளர் நாணயத்தை அந்த பிளாஸ்டிக் வழியாகத்தான் பார்க்கப் போகிறார். உறையில் உள்ள கீறல் நாணயத்தில் உள்ள கீறலாகத் தோன்றினால் நட்டம் நமக்கு. பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பாலிஷையும் மென்மையான துணியையும் கொண்டு மெதுவாகத் தேய்த்தால் மேலோட்டமான கீறல்கள் மறைந்துவிடும். பழைய விலை ஸ்டிக்கர்கள், அவற்றின் பசை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

இனி நாணயம். இருட்டான அறையில், மஞ்சள் ஒளி தரும் ஒற்றை விளக்கின் கீழ், லேபிளை விரலால் மறைத்துக்கொண்டு, முதலில் வெறும் கண்ணாலும் பிறகு ஐந்து அல்லது ஏழு மடங்கு பெரிதாக்கும் லென்ஸாலும் பார்ப்பது நல்ல பழக்கம். குழல் விளக்கின் பரவிய ஒளியில் மெல்லிய கீறல்கள் ஒளிந்துகொள்ளும். உறையை மெல்லச் சாய்த்துத் திருப்பும்போது, அச்சடித்தபோது உண்டான இயல்பான பளபளப்பு, நடுவிலிருந்து விளிம்பு வரை சக்கரத்தின் ஆரக்கால்கள் போலச் சுழன்று ஓடும். அந்த ஓட்டம் எங்கே அறுபடுகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

1884-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ அக்கசாலையில் அச்சான மார்கன் டாலரை எடுத்துக்கொள்வோம். 32 லட்சம் நாணயங்கள் அச்சடிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி புழக்கத்தில் தேய்ந்துபோனது. எனவே தேய்ந்த நிலையில் எளிதாகக் கிடைக்கும் இந்த நாணயம், புழக்கம் காணாத நிலையில் மிக அரிது. ஏயூ 58 (மிக லேசாகத் தேய்ந்த) தரத்துக்கும் எம்எஸ் (புழக்கம் காணாத) தரங்களுக்கும் இடையே விலை பன்மடங்கு ஏறிவிடுகிறது. இந்த எல்லைக்கோட்டில் உள்ள நாணயத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் சுதந்திர தேவியின் காதுக்கு மேலுள்ள கூந்தல், கன்னம், பின்பக்கத்தில் கழுகின் மார்பு. இவை நாணயத்தின் மிக உயர்ந்த பகுதிகள். உரசல் முதலில் இங்கேதான் படும். காதுக்கு மேலே கூந்தல் இழைகள் தெளிவில்லாமல் இருந்தால் அது தேய்மானம் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. அச்சு வலுவாக விழாத நாணயத்திலும் அந்த இடம் மழுங்கியே இருக்கும். நியூ ஆர்லியன்ஸ் அக்கசாலையின் மார்கன் டாலர்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். வேறுபாடு ஒளியில் தெரியும். அச்சு வலுவாக விழாத இடத்தில் பளபளப்பு தடையின்றி ஓடும். உரசல் பட்ட இடத்தில் பளபளப்பு செத்து, சாம்பல் நிறமான மங்கல் ஒன்று தங்கியிருக்கும். இந்த மங்கல் ஒரு நிறுவனத்தின் கண்ணில் பெட்டியில் கிடந்து உண்டான தடமாகவும் மற்றொன்றின் கண்ணில் புழக்கத் தேய்மானமாகவும் படக்கூடும் என்பதால், இத்தகைய நாணயத்தை மாற்ற அனுப்புகிறவர் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

குறைந்தபட்சத் தரம் என்ற கட்டம்

நாம் குறிப்பிடும் குறைந்தபட்சத் தரத்தையோ அதைவிட உயர்ந்ததையோ தர முடியும் என்று மதிப்பீட்டாளர் முடிவு செய்தால் மட்டுமே பழைய உறை உடைக்கப்படும். இல்லையென்றால் நாணயம் பழைய உறையிலேயே, பழைய தரத்தோடு திரும்பி வரும். பெரும்பாலானவர்கள் லேபிளில் உள்ள அதே தரத்தை எழுதுகிறார்கள்; அது பாதுகாப்பான வழி. உயர்ந்த தரம் கிடைக்கத் தகுதியுள்ள நாணயத்துக்கு அந்த எண் தடையாக இருக்காது, ஏனெனில் அது கீழெல்லையே தவிர மேலெல்லை அல்ல. ‘எந்தத் தரமானாலும் சரி’ என்று எழுதினால் நாணயம் எவ்வளவு கீழிறங்கினாலும் உறை உடைக்கப்படும். ரெஜிஸ்ட்ரியில் சேர்ப்பதே நோக்கமாக இருந்து, தரத்தைப் பற்றிக் கவலையே இல்லாதவருக்கு மட்டும் அது பொருந்தும். இரண்டுக்கும் இடையே ஒரு தரம் குறைவாக எழுதுவதும் உண்டு: புதிய உறையில் 64 தரத்துக்குக் கிடைக்கும் விலை பழைய உறையில் 65 தரத்துக்குக் கிடைக்கும் விலைக்குச் சமம் என்று ஏல முடிவுகள் காட்டினால் அது சரியான கணக்கு. சுத்தம் செய்தது, துளை அடைத்தது போன்ற குறைகள் தெரிந்தால் எண் இல்லாத ‘டீட்டெயில்ஸ்’ தரத்தில் மாற்றச் சம்மதமா என்பதையும் விண்ணப்ப விதிகளைப் படித்துத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். என் பார்வையில், அதற்குச் சம்மதிக்க அநேகமாக எப்போதும் காரணம் இருக்காது.

எண்ணோடு சேர்ந்து வரும் அடைமொழிகளையும் அந்தக் கட்டத்தில் எழுத மறக்கக் கூடாது. செப்பு நாணயங்களில் இது மிக முக்கியம். வடிவமைத்தவரின் விடிபி என்ற முதலெழுத்துகள் பொறித்த 1909-எஸ் விடிபி லிங்கன் சென்ட், மொத்தம் 4,84,000 மட்டுமே அச்சானது. அதன் விலையில் நிறத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தொடக்கச் செந்நிறம் ஏறக்குறைய முழுதும் நிற்பவற்றை ரெட் என்றும், செம்மையும் பழுப்பும் கலந்தவற்றை ரெட்-பிரவுன் என்றும், பழுத்துவிட்டவற்றைப் பிரவுன் என்றும் பிரிக்கிறார்கள். எம்எஸ் 65 ரெட் என்று இருக்கும் நாணயத்துக்கு வெறுமனே எம்எஸ் 65 என்று எழுதி அனுப்பினால், நிறம் இறங்கிய நிலையில் மாறி வந்துவிடும் இடர் இருக்கிறது. செம்பு உறைக்குள்ளும் மெல்ல நிறம் மாறும். பல ஆண்டுகளுக்கு முன் ரெட் என்று எழுதப்பட்டது இன்றும் ரெட்டாக இருக்கிறதா என்று பகலொளியில் பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.

அடைமொழிகளின் இலக்கணமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. பிராங்க்ளின் அரை டாலரின் பின்பக்கத்தில் உள்ள மணியில் மேலும் கீழுமாக இரண்டு கோட்டு வரிசைகள் உண்டு. கீழ்வரிசை முழுமையாக இருந்தாலே பிசிஜிஎஸ் ‘முழுக் கோடு’ அடைமொழியைத் தருகிறது. என்ஜிசி இரு வரிசைகளும் முழுமையாக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ஒரு திசையில் எளிதாக மாறும் நாணயம் மறுதிசையில் அடைமொழியை இழக்கலாம். கண்ணாடி போன்ற களம் (உருவங்களைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பு) கொண்ட மார்கன் டாலர்களுக்கும் இதே கவனம் வேண்டும். நாணயம் அந்தத் தரத்தின் மேல்முனையில் இருப்பதைக் காட்ட, தரத்துக்குப் பின்னால் வரும் பிளஸ் குறி 2010-இல்தான் அறிமுகமானது. அதற்கு முந்தைய உறையில் பிளஸ் இல்லை என்பதைக் கொண்டு அந்த நாணயம் அதற்குத் தகுதியற்றது என்று கொள்ள வேண்டியதில்லை.

உறையை வீட்டிலேயே உடைத்து, சான்று இல்லாத நாணயம் போல அனுப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உறைக்குள் பார்க்கப்படும் நாணயத்துக்கு மதிப்பீட்டாளர்கள் கடுமை காட்டுகிறார்கள் என்று பல சேகரிப்பாளர்கள் நம்புவதே இதற்குக் காரணம். இந்த வழியில் கீழெல்லை என்ற பாதுகாப்பு அடியோடு இல்லை. முன்பு 65 என்று இருந்தது 63 ஆகலாம், டீட்டெயில்ஸும் ஆகலாம். பிளாஸ்டிக்கை உடைக்கும்போது கட்டர் நழுவி விளிம்பில் ஒரு வெட்டு விழுந்தால் அதுவே முடிவு. தரமிடுவதில் நீண்ட பழக்கம் உள்ள வணிகர்களுக்கு உரிய வழி இது. புதியவர்கள் கிராஸ்ஓவர் சேவையையே பயன்படுத்த வேண்டும்.

விண்ணப்பமும் அனுப்புதலும்

பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டுக்கும் நேரடியாக அனுப்பக் கட்டண உறுப்பினராக வேண்டும். அல்லது அவர்கள் அங்கீகரித்த வணிகர் மூலம் அனுப்பலாம். எந்தெந்த நிறுவனங்களின் உறைகளை ஏற்பார்கள் என்பதை அனுப்புவதற்கு முன் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். கிராஸ்ஓவர் நாணயங்களை மற்றச் சேவைகளுக்கான நாணயங்களோடு ஒரே படிவத்தில் கலக்கக் கூடாது. படிவத்தில் ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு வரி: ஆண்டு, அக்கசாலைக் குறி, மதிப்பு, பழைய சான்று எண், குறைந்தபட்சத் தரம், அறிவிக்கும் மதிப்பு. சேவைப் படிநிலைகள் நாணயத்தின் மதிப்பை ஒட்டியே அமைந்திருப்பதால், கட்டணத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதும் எண்ணம் வரலாம். அது வேண்டாம். திரும்பி வரும் வழியில் நாணயம் தொலைந்தால் எழுதிய மதிப்புதான் கணக்கில் வரும். அச்சு வேறுபாடுகளைப் பழைய லேபிள் குறிப்பிட்டிருந்தால், புதிய லேபிளிலும் அது வர வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும்.

பொட்டலம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு நாணயத்தையும் இருபுறமும், லேபிளும் எண்ணும் தெரியும்படி, படம் எடுத்து வைக்க வேண்டும். உறைகளை ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனிப் பைகளில் இட்டு, குமிழி உறையால் சுற்றி, ஆட்டிப் பார்த்தால் ஓசை வராத அளவுக்கு இறுக்கமாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் அனுப்புகிறவர்களுக்கு அஞ்சல் துறையின் ரெஜிஸ்டர்ட் அஞ்சல் மிகவும் பாதுகாப்பானது; 50,000 டாலர் வரை அதில் காப்பீடு உண்டு. அதற்குப் பெட்டியின் எல்லா மூட்டுகளையும் பழுப்புக் காகித டேப்பால் ஒட்ட வேண்டும். பளபளப்பான பிளாஸ்டிக் டேப்பில் அஞ்சல் முத்திரையின் மை பிடிக்காது என்பதால் அஞ்சலகத்தில் திருப்பிவிடுவார்கள். பெட்டியின் மேல் நாணயம் என்ற சொல்லோ, அதை நினைவூட்டும் எதுவுமோ இருக்கக் கூடாது. பெரிய நாணயக் கண்காட்சிகளில் தரமிடும் நிறுவனங்கள் நேரில் பெற்றுக்கொள்கின்றன. அங்கே போக முடிந்தவர்கள் அஞ்சல் இடரில் பாதியைத் தவிர்க்கலாம்.

இந்தியாவிலிருந்து அனுப்ப நினைப்பவர்கள் வேறு எதையும்விட முதலில் பார்க்க வேண்டியது சட்டம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தின்படி நூறு ஆண்டுகள் கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்புவது குற்றம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ரூபாயோ, விக்டோரியா ரூபாயோ, மதராஸ் பகோடாவோ அமெரிக்க நிறுவனத்தின் உறையில் இருப்பதாலேயே அந்த விதியிலிருந்து தப்பிவிடாது. ‘தரமிட்டபின் திரும்பி வந்துவிடும்’ என்ற விளக்கமும் செல்லாது. அத்தகைய நாணயத்தைக் கையில் வைத்திருப்பவர் இருக்கிற உறையோடு அதை வைத்துக்கொள்வதே சரி.

திரும்பி வந்தபின்

முடிவு இணையத்தில் தெரிந்ததும் படத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். மாறாத நாணயத்துக்குச் சேகரிப்பாளர் வழக்கில் டிஎன்சி (டிட் நாட் கிராஸ், அதாவது மாறவில்லை) என்று பெயர். அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம்; எல்லைக்கோட்டில் இருந்த நாணயம் இம்முறை கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது, அவ்வளவுதான். உடனே மீண்டும் அனுப்புவதால் பயன் இருக்காது. நாணயத்தை மறுபடியும் விளக்கின் கீழ் வைத்து, மதிப்பீட்டாளர் எதைக் கண்டிருப்பார் என்று தேடிப் பாருங்கள். மாறிய நாணயம் கைக்கு வந்ததும், முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, புதிய தடம் ஏதும் விழுந்திருக்கிறதா, லேபிளில் ஆண்டும் குறியும் அடைமொழியும் சரியா, உறைக்குள் இழையோ தூசியோ சிக்கியிருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். பிழை இருந்தால் தாமதமின்றித் தெரிவித்தால் திருத்திக் கொடுப்பார்கள்.

கடைசியாக, பழைய லேபிள். நிறுவனங்கள் ஒவ்வொரு தரத்திலும் தாம் சான்றளித்த நாணயங்களின் எண்ணிக்கையை வெளியிடுகின்றன. உறையை விட்டு வெளியேறிய நாணயம் பழைய கணக்கிலும் புதிய கணக்கிலும் இரண்டு நாணயங்களாக நிற்கும். ஒரே நாணயம் பல முறை உடைத்து அனுப்பப்படுவதால் அரிய நாணயங்களின் எண்ணிக்கை வீங்கிப்போயிருப்பது எல்லாச் சேகரிப்பாளரும் அறிந்ததே. பழைய லேபிள் உங்களிடம் வந்து சேர்ந்தால் அதை வழங்கிய நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பி, கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். குப்பையில் போட்டால் அது போலி உறை செய்பவரின் கைக்குப் போகவும் கூடும்.